ஆமென் சொல்ல 20 விநாடி தாமதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் இதே பகுதியில் ஒரு வாசகர், ஆலய ஆராதனைகளை யூடியூபில் நேரலையாகக் காட்டுவது சபை மக்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டது, கொரோனா முடிந்த பிறகும் அதைத் தொடர வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார். படித்த வேகத்தில் சூடாக ஒரு பதில் எழுதினேன். கிழித்துப் போட்டேன். இரண்டாவதையும் கிழித்தேன். மூன்றாவது தடவை உட்கார்ந்தபோதுதான் அவர் சொன்னதில் ஒரு பங்கு எனக்கும் சம்மதம் என்று தெரிந்தது. எந்தப் பங்கு என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

நான் 31 ஆண்டுகள் நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முடக்குவாதம் விரல்களில் தொடங்கி முழங்கால்களுக்கு இறங்கி, இப்போது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வருவதே ஒரு பயணம். ஆலயம் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் வாசலில் 11 படிகள். கடைசியாக அவற்றில் ஏறியது 2018 கடைசியில். ஏறுவதற்குள் முதல் பாட்டு முடிந்து பாவ அறிக்கையும் முடிந்துவிட்டது. இறங்கும்போது நான்கு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். அன்பாகத்தான் தூக்கினார்கள். ஆனால் சபை முழுவதும் நின்று பார்க்க, ஒரு மூட்டையைப் போல நான் இறங்கினேன். அடுத்த ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு இயேசுவின் முன் இறக்கிய நால்வரின் விசுவாசத்தைப் பற்றி என் வயதுக்குக் குறைந்தது 20 பிரசங்கமாவது கேட்டிருப்பேன். இறக்கப்பட்டவனுக்கு எப்படி இருந்தது என்று ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

2020இல் எல்லா ஆலயங்களும் பூட்டப்பட்டபோது எங்கள் ஆலயத்திலும் நேரலை தொடங்கியது. ஓர் இளைஞன் தன் கைப்பேசியைத் தூணில் துணியால் கட்டி வைத்தான். படம் கோணலாக இருக்கும். பீடத்தின் பாதியும் ஒரு மின்விசிறியும் தெரியும். விசிறிச் சத்தம் போதகரின் குரலை விழுங்கிவிடும். ஆனாலும் அந்த முதல் ஞாயிறு நான் அழுதேன். மற்றவர்களுக்கெல்லாம் ஆலயம் அன்று மூடியது. எனக்கு அன்றுதான் திறந்தது. என்னைப் போல வீட்டில் கிடப்பவர்கள் பலர் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். ஊரெல்லாம் துக்கத்தில் இருந்தபோது நமக்கு மட்டும் ஒரு நன்மை வந்ததே என்ற கூச்சம்.

பிறகு அந்தப் பையன் கற்றுக்கொண்டான். ஒலிபெருக்கிக் கருவியிலிருந்து நேராக ஒரு வயரைக் கைப்பேசியில் செருகினான். விசிறிச் சத்தம் போயிற்று. நேரலை தொடங்க நினைக்கும் சபைகளுக்கு என் அனுபவத்தில் ஒரே ஒரு யோசனை: கேமராவுக்குச் செலவழிக்கும் முன் ஒலிக்குச் செலவழியுங்கள். மங்கலான படத்தோடு ஆராதிக்க முடியும், வார்த்தை கேட்காமல் முடியாது. இன்னொன்றும் உண்டு. ஒலிப்பதிவு செய்த பின்னணி இசையைப் போட்டுப் பாடினால், காப்புரிமை பார்க்கும் யூடியூபின் தானியங்கி அதைக் கண்டுபிடித்து ஒளிபரப்பையே நிறுத்திவிடலாம். எங்களுக்கு ஒரு பண்டிகை நாளில், சரியாகப் பாட்டின் இரண்டாம் சரணத்தில், அப்படி நின்றுபோனது. அதன் பிறகு ஆர்கன் வாசிப்பவரை மறுபடியும் தேடிப் பிடித்தார்கள். அந்த அளவில் தானியங்கிக்கு நன்றி.

நேரலை என்று பெயர்தானே தவிர, அது உடனுக்குடன் வருவதில்லை. ஆலய மணி முதலில் என் ஜன்னல் வழியாகக் கேட்கும். சுமார் 20 விநாடி கழித்துத்தான் கைப்பேசியில் அடிக்கும். ஆக, நான் ஆமென் சொல்லும்போது சபை அதைச் சொல்லி முடித்து அடுத்த ஜெபத்துக்குப் போயிருக்கும். முதலில் இது என்னைத் தொந்தரவு செய்தது. இப்போது பழகிவிட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்து எப்போதும் தாமதமாகப் பாடும் ஒரு பெரியவர் எங்கள் சபையில் இருந்தார். அவர் இடம் எனக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

வாசகர் தன் கடிதத்தில், சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்ற எபிரெயர் நிருபத்தின் வசனத்தைக் காட்டியிருந்தார். நல்ல வசனம். ஆனால் அது ஒரு நிருபத்தில் இருக்கிறது. நிருபம் என்றால் கடிதம். எழுதியவர் அந்த மக்களோடு இல்லை. சீக்கிரம் உங்களிடம் திரும்பி வர ஜெபியுங்கள் என்று கடைசி அதிகாரத்தில் கேட்டுக்கொள்கிறார். கூடிவாருங்கள் என்ற புத்தியே கூடிவர முடியாத ஒருவரிடமிருந்துதான் வந்தது. சிறைக்குள்ளிருந்து சபைகளுக்கு எழுதிய பவுலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நூலகத்தில் பழகிய கை சும்மா இருக்காது. வர முடியாதவர்களுக்குச் சபை என்ன செய்தது என்று தேடிப் படித்தேன். ஏறக்குறைய கி.பி. 155இல் ரோமில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவர் தம் மக்களின் ஞாயிறு ஆராதனையைப் பேரரசருக்கு விளக்கி எழுதியிருக்கிறார். வாசிப்பு, பிரசங்கம், ஜெபம், அப்பமும் திராட்சை ரசமும் பகிர்வது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, வராதவர்களுக்கு அவர்களுடைய பங்கை உதவிக்காரர்கள் கையில் கொடுத்தனுப்புகிறோம் என்கிறார். அது ஆராதனையின் ஒரு பகுதியாகவே சொல்லப்படுகிறது. அடுத்த நாளைக்கோ வசதிப்பட்ட வாரத்துக்கோ தள்ளிவைக்கும் வேலையாக அல்ல.

நான் கத்தோலிக்கர் அல்ல. ஆனாலும் அசிசியின் கிளாரா என்ற துறவி எனக்குப் பிடித்துப்போன மனுஷி. 13ஆம் நூற்றாண்டில், நோயில் எழ முடியாமல் கிடந்த ஒரு கிறிஸ்துமஸ் இரவில், தூரத்து ஆலயத்தின் வழிபாட்டைத் தன் அறையிலிருந்தே கண்டு கேட்டார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி. 1958இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு, நோயாளி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார்களே என்று நெகிழ்ச்சியாகவும் இருந்தது.

கேமராக்காரர்கள் குறுக்கே நடக்கிறார்கள், ஆராதனையின் அமைதி கெடுகிறது என்ற புகாருக்கும் பழைய பதில் ஒன்று உண்டு. 1921 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கால்வரி ஆலயத்தின் மாலை ஆராதனையை கேடிகேஏ வானொலி ஒலிபரப்பியது. வானொலியில் வந்த முதல் ஆராதனை என்று அதைச் சொல்வார்கள். கருவிகளோடு உள்ளே இருந்த தொழில்நுட்பக்காரர்கள் கண்ணை உறுத்தக் கூடாது என்று அவர்களுக்குப் பாடகர் குழுவின் அங்கியை மாட்டிவிட்டார்களாம். எங்கள் பையனுக்கும் ஓர் அங்கி தைத்துக் கொடுக்கலாம்.

இங்கிலாந்தில் நடந்தது ஒரு கடிதக்காரிக்கு உற்சாகம் தரக்கூடியது. கேத்லீன் கார்டியூ என்ற பெண்மணி, நோயாளிகளுக்கும் தனிமையில் இருப்பவர்களுக்கும் தினமும் ஓர் ஆராதனை வேண்டும் என்று பிபிசிக்கு விடாமல் எழுதினார். கையெழுத்துகளும் திரட்டினார். 1928 ஜனவரி 2 முதல் தினசரி ஆராதனை ஒலிபரப்பானது. அதைக் கேட்டு வாங்கியவர் போதகர் அல்ல, பேராயர் அல்ல, ஒரு நேயர்.

இனி, வாசகரோடு எனக்குச் சம்மதமான பங்கு. என் அண்ணன் மகன் திடகாத்திரமானவன். ஞாயிறு காலை போர்வைக்குள்ளிருந்து நேரலையைத் திறப்பான். தூங்கிவிட்டால் மாலையில் பதிவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவான். போதகர் கிளி மாதிரிப் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அத்தை, நல்ல பிரசங்கம்" என்பான். அவனைப் போன்றவர்களை ஆலயத்துக்கு வரச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். ஆனால் 2020க்கு முன்பும் அவன் மாதத்துக்கு ஒருமுறைதான் போவான். நேரலையை நிறுத்தினால் அவன் தூங்குவான். நான் என்ன செய்வேன்?

என் உண்மையான வருத்தம் வேறு. நூலகப் பழக்கத்தில், என்னைப் பார்க்க வருபவர்களை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். தேதி, பெயர், எவ்வளவு நேரம் இருந்தார்கள். 2019இல், அதாவது நேரலைக்கு முந்தைய ஆண்டில், சபையிலிருந்து 46 வருகைகள். ஆராதனை முடிந்த கையோடு யாராவது வந்து, இன்று என்ன வசனம், யாருக்குத் திருமண அறிவிப்பு வாசித்தார்கள், யார் பாட்டைத் தப்பாகத் தொடங்கினார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். போதகர் மாதம் ஒருமுறை அப்பமும் திராட்சை ரசமுமான திருவிருந்து கொண்டுவருவார். தொற்று ஓய்ந்து எல்லாரும் எல்லா இடத்துக்கும் போகத் தொடங்கிய பிறகும் அந்த எண்ணிக்கை திரும்பவில்லை. போன ஆண்டு 9. திருவிருந்து இரண்டு முறை.

யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. "நீங்கதான் நேரலையில பார்த்திருப்பீங்களே அக்கா" என்கிறார்கள். பார்த்தேன்தான். அதனால் என்னிடம் வந்து சொல்ல அவர்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. கைப்பேசிக்குக் கூப்பிய கைகள் படம் வருகிறது. சபைக் குழு ஆண்டறிக்கையில், நேரலையைப் பார்த்தவர்கள் இத்தனை பேர் என்று பெருமையாக ஓர் எண் போடுகிறது. அந்த எண்ணில் நான் ஒன்று. பாதியில் கண்ணயர்ந்தாலும் ஒன்று, விழுந்து கிடந்தாலும் ஒன்று. முன்பெல்லாம் பெஞ்சில் என் இடம் காலியாக இருந்தால் யாராவது கேட்பார்கள்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிறு பரிந்துரை ஜெபத்தில் என் பெயரையும் நோயையும், அறுவை சிகிச்சை நாளையும் வாசித்தார்கள். நான்கு சுவருக்குள் அது ஜெபம். எல்லாருக்கும் திறந்திருக்கும் ஒரு சேனலில் பதிவாக நின்றுவிட்டால் அது அறிவிப்பு. முகம் தெரியாத ஒருவர் அந்த வாரமே தொலைபேசியில் கூப்பிட்டு, மூட்டுக்கு ஒரு மருந்து விற்கப் பார்த்தார். இத்தனைக்கும் தீர்வு கையிலேயே இருக்கிறது. யூடியூபில் இணைப்பு கிடைத்தவர்கள் மட்டும் பார்க்கும்படி, தேடலில் வராமல் வைக்கலாம். ஜெப வேளையில் ஒலியை நிறுத்தலாம். ஆராதனை முடிந்ததும் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிடலாம். திருமுழுக்குக் குழந்தைகளின் முகத்தைக் காட்டும் முன் பெற்றோரை ஒரு வார்த்தை கேட்கலாம். பையனிடம் சொன்னேன், அன்றே வெட்டினான். குழுவிடம் சொன்னேன், பரிசீலிக்கிறார்கள்.

ஆக, நான் கேட்பது நேரலை வேண்டும், அதோடு ஆளும் வேண்டும். வீட்டோடு இருக்கும் ஒவ்வொருவருக்கும் சபையில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஆராதனை முடிந்து அரைமணிக்குள் அவர் ஒரு போன் செய்யட்டும். இரண்டு நிமிஷம் போதும். திருவிருந்து ஞாயிறுகளில், யுஸ்தீன் காலத்தைப் போல அன்றைக்கே எங்கள் பங்கு வந்து சேரட்டும். இணையம் இல்லாத, பட்டன் கைப்பேசி மட்டுமே உள்ள முதியவர்களும் உண்டு. ஒரே அழைப்பில் பலரை இணைத்து, ஆராதனையைச் சாதாரண போனிலேயே கேட்கச் செய்ய முடியும். காது மந்தமானவர்களுக்குப் பாட்டு எண்ணும் வேதபகுதியும் திரையில் எழுத்தாக வரட்டும். அந்த வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு ஆலயத்திலிருந்து திரும்பும் வழியில் இப்படி ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, பிறகு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அதையும் நான் கிழிக்காமல் படிப்பேன்.

எங்கள் சபையிலும் நேரலையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் கூட்டம் வைத்திருக்கிறார்கள். உறுப்பினர்கள் எல்லாரும் நேரில் வந்து கருத்துச் சொல்லலாம் என்று நேரலையில்தான் அறிவித்தார்கள். அந்தக் கூட்டத்தையும் நேரலையில் காட்டுவீர்களா என்று கேட்டு அனுப்பினேன். இல்லையாம். அதனால்தான் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன். சனிக்கிழமைக்குள் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ஓய்வுபெற்ற நூலகர்