ஒளிரும் கடலும் நுரைக்கோடும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் இதழில் வந்த, இரவில் ஒளிரும் கடல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அந்த ஒளியைத் தரும் நாக்டிலூகா என்ற நுண்ணுயிரைப் பற்றி நன்றாகச் சொன்ன கட்டுரையாளர், அதைச் சுற்றியிருக்கும் தண்ணீரின் அசைவை விட்டுவிட்டது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

2019 ஆகஸ்டில் சென்னையில் அலைகள் நீலமாக மின்னியபோது நானும் திருவான்மியூரில் இருந்தேன். ஒரு வாளியில் கடல்நீரை மொண்டு இருட்டில் வைத்தோம். தண்ணீர் அடங்கியதும் ஒளியே இல்லை. என் மகள் விரலை மெதுவாக விட்டாள், அப்போதும் இருட்டுதான். வெடுக்கென்று இழுத்தாள். விரலை ஒட்டி மட்டும் ஒரு நீலக்கோடு! தண்ணீர் மொத்தமாக நகர்ந்தால் நாக்டிலூகாவுக்கு உறைக்காது. பக்கத்துப் பக்கத்து நீர் வேறுவேறு வேகத்தில் வழுக்கிப் போகும்போதுதான் அதன் உடல் அழுந்தி ஒளி வருகிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் நடக்கிற காரியம் இது.

அதற்கு நீந்தவும் தெரியாது. உள்ளே அம்மோனியம் கலந்த சாறு இருப்பதால் லேசாகி மிதக்கிறது. காற்று பலத்தால் நீரோடு கலங்கிக் கீழே பரவிவிடும். காற்று ஓய்ந்தால் பாலாடை போல மேலே திரளும். இந்தத் திரளைப் பாம்பன் பக்கம் பூங்கோரை என்பார்கள். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் இதன் பச்சை வகை பெருகி, மீன்கள் செத்து ஒதுங்கின. திரண்டது அழுகும்போது ஆக்சிஜன் தீர்கிறது, அம்மோனியாவும் கலக்கிறது.

அப்புறம், கடல்மேல் காற்றின் போக்கிலேயே ஓடும் நுரைக்கோடுகள். 1927இல் அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்த அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்முயர், கடற்பாசி இப்படி வரிசை கட்டியதைப் பார்த்துத்தான் காரணத்தைத் தேடிப் போனார். மேல்நீர் ஜோடி ஜோடியாக உருளை போலச் சுழல்கிறது. இரண்டு சுழல்கள் சேர்ந்து கீழிறங்கும் இடத்தில் மிதப்பதெல்லாம் தேங்கும். மீன் முட்டையும் அங்கே சேரும், அதைத் தின்னும் நாக்டிலூகாவும் அங்கேயே சேரும். ஒரு பருவத்து மீன்குஞ்சுகளின் கதி இந்தச் சில அடி அகலத்தில் முடிவாகலாம் என்று நினைத்தாலே மனம் பதைக்கிறது.

நான் விலங்கியல் படித்தபோது நீரின் இயக்கம் பற்றி வகுப்பில் ஒரு பேச்சும் இல்லை. அது இயற்பியல்காரர்களின் பாடம் என்று விட்டுவிட்டோம். பத்திரிகைகளிலும் கடல் என்றால் புயலும் பெருநீரோட்டமும்தான். கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால், நுரைக்கோடு பார்த்து வலைவிடும் மீனவர் ஒருவரையும் பாய்ம இயக்கவியல் (நீர், காற்று போன்றவை ஓடும் விதத்தைச் சொல்லும் இயற்பியல்) படித்த ஒருவரையும் ஒரே படகில் கூட்டிக்கொண்டு போய்வந்து எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
சென்னை