வெட்சூட்டைப் போட்டுக்கொண்டே இறங்கு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுகிறேன். போனில் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, நடுவில் உன் அம்மா போனை வாங்கிச் சாப்பிட்டியா தூங்கினியா என்று ஆரம்பித்துவிடுகிறாள், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. இங்கிலாந்தில் டோவர் கடலில் உன்னோடு நீந்துகிறவர்கள் வெட்சூட் போடுவதை ஏமாற்று வேலை என்கிறார்கள், தாத்தா கோவணத்தோடு கடலில் இறங்கியவர்தானே, எனக்கு மட்டும் எதற்கு ரப்பர் சட்டை என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தாத்தாவின் கடல் எத்தனை டிகிரி என்று யோசித்தாயா? திருவொற்றியூரில் அவர் கட்டுமரம் தள்ளிய தண்ணீர் வெயில் காலத்தில் 29, 30 டிகிரி. மார்கழி விடியற்காலையில் வாடைக்காற்று அடித்துப் பல் கிட்டும்போதுகூட 25, 26 இருக்கும். கரையில் நிற்பவனுக்குத்தான் குளிரும், தண்ணீருக்குள் இருப்பவனுக்கு வெதுவெதுப்பாக இருக்கும். நீ போன வாரம் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்து அனுப்பிய படத்தில் 11 டிகிரி. தாத்தா அந்தத் தண்ணீரைப் பார்த்திருந்தால் கரையிலேயே உட்கார்ந்து வலையைப் பின்னியிருப்பார். கடலை அறிந்தவர் அப்படித்தான் செய்வார்.

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். அதுகூட மெதுவாக நடக்கிற ஆபத்து. எனக்குப் பயம் முதல் ஒன்றிரண்டு நிமிடம்தான். அவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று விழுந்ததும் வாய் தானாகத் திறந்து மூச்சை உள்ளே இழுக்கும், அடக்கவே முடியாது, அந்த நேரம் முகம் முங்கியிருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும் கைகால் சொன்னபடி கேட்காது. அதைத் தாண்டினாலும் கொஞ்ச நேரத்தில் விரல்கள் விரிந்து விறைத்து, கை போடுவதே நின்றுபோகும். வெட்சூட் இருந்தால் குளிர் ஒரேயடியாகத் தாக்காது. உள்ளே புகுந்த கொஞ்சம் தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நிற்கும், அந்த ரப்பருக்குள் இருக்கிற காற்றுக் குமிழிகள் குளிரைத் தடுக்கும், உன்னை மிதக்கவும் வைக்கும். கை ஓய்ந்தாலும் மிதப்பாய். அப்பனுக்கு வேறு என்ன வேண்டும்?

அந்த ஏமாற்று வேலை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1875இல் மேத்யூ வெப் என்ற ஆங்கிலேயர் 21 மணி 45 நிமிடத்தில் உன் டோவருக்கு எதிரே இருக்கிற இங்கிலீஷ் கால்வாயைக் கடந்ததிலிருந்து வருகிற மரபு அது. சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, கண்ணாடி, தடவிக்கொள்ள கிரீஸ், அவ்வளவுதான் அனுமதி. 1958இல் நம் நாட்டு மிஹிர் சென் அப்படித்தான் கடந்தார். 1994இல் நம் தமிழ்நாட்டுப் பையன் குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயதில் அப்படித்தான் கடந்தான், எனக்கு இன்றும் அதை நினைத்தால் மெய்சிலிர்க்கும். அவர்கள் குளிருக்கு உடம்பைப் பழக்கினார்கள், பக்கத்திலேயே படகு போனது. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையைப் போய்த் திரும்பி 51 மணி நேரத்தில் நீந்திய மகா மனிதர். அவரே 1984இல் அந்தக் கால்வாயைக் கடக்க முயன்றபோதுதான் இறந்துபோனார். அந்தத் தண்ணீரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது.

அந்த விதி சாதனைக்கான விதி. நீ சனிக்கிழமை காலை துறைமுகச் சுவருக்கு உள்ளே ஒரு மைல் நீந்தப் போகிறாய், அதற்கு அந்த விதியை ஏன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்? போட்டி நடத்துகிறவர்களே என்ன செய்தார்கள் பார். சர்வதேச நீச்சல் சம்மேளனம் 2017இல் திறந்த நீர்ப் போட்டிக்கு எழுதிய விதியில் 18 டிகிரிக்குக் கீழே வெட்சூட் கட்டாயம். 16க்குக் கீழே போனால் போட்டியே கிடையாது. பதக்கம் வாங்குகிறவர்களுக்கே அப்படி. உன் தண்ணீர் 11.

சரி, போட்டால் போதும் என்றும் சொல்லமாட்டேன். துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் கப்பலுக்கு அடியில் இறங்கும் டைவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சூட்டுக்குள் சோப்புத் தண்ணீர் ஊற்றி வழுக்கவிட்டு இரண்டு பேர் சேர்ந்து இழுத்துத்தான் ஏற்றுவார்கள், அவ்வளவு இறுக்கம். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் புதுத் தண்ணீர் புகுந்து குளிரத்தான் செய்யும். ஆனால் கழுத்தில் ரொம்ப இறுக்கினால் மூச்சு முட்டுகிற மாதிரி தோன்றி நடுத்தண்ணீரில் பதற்றம் வந்துவிடும், அதனால் கடையில் போட்டுக் கையை நன்றாகச் சுழற்றிப் பார்த்து வாங்கு. நீச்சலுக்கென்று தைத்ததாகவே வாங்கு, டைவிங் சூட் தோளைப் பிடித்து இழுக்கும். கழுத்தைச் சுற்றி வாசலின் தடவு, உப்புத் தண்ணீரில் உரசினால் தோல் உரிந்துவிடும். தலைக்கும் உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் தனியாகப் பார்த்துக்கொள், சூட் அங்கே ஒன்றும் செய்யாது. அதை நம்பி நேரத்தையும் நீட்டாதே. வெட்சூட் போட்டவர்கள் பலரும் தப்பு செய்வது அங்கேதான், குளிரவில்லையே என்று இன்னொரு சுற்று போவார்கள்.

குதிக்கவே குதிக்காதே. மெதுவாக இறங்கி, முகத்திலும் பின்கழுத்திலும் தண்ணீர் தெளித்து, மூச்சு சீராகும்வரை மிதந்துவிட்டு அப்புறம் நீந்து. ஆரஞ்சு மிதவையை இடுப்பில் கட்டு. கரையேறின பிறகும் உள்சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், அதனால் நின்று அரட்டை அடிக்காமல் ஈரத்தைக் கழற்றி, முதலில் மேலுடம்பை மூடு, சர்க்கரை போட்ட டீ குடி, உடனே சுடுதண்ணீரில் குளிக்காதே. சூட் இல்லாமல்தான் நீந்த வேண்டும் என்று மனசில் இருந்தால் சரி, ஆகஸ்டில் 17, 18 டிகிரிக்கு வரும்போது சில நிமிடம், கரையை ஒட்டி, துணையோடு பழகு. வாராவாரம் விடாமல் போனால் உடம்பு கற்றுக்கொள்ளும், அதை நான் தடுக்கவில்லை.

பொங்கலுக்கு வரும்போது அந்தச் சூட்டைத் தூக்கிக்கொண்டு வராதே. நம் கடலில் அதைப் போட்டு நீந்தினால் உடம்பு வெந்துவிடும். 2010இல் ஃபுஜைராவில் கடல் 30 டிகிரியை ஒட்டிச் சூடாக இருந்த 10 கிலோமீட்டர் போட்டியில் ஃபிரான் கிரிப்பன் என்ற அமெரிக்க வீரர் இறந்தார், அவர் வெட்சூட்கூடப் போட்டிருக்கவில்லை. இங்கே சொறி மீனுக்குப் பயந்தால் மெல்லிய லைக்ரா சட்டை போதும். எண்ணூர் முகத்துவாரப் பக்கம் மட்டும் வேண்டாம், 2023 டிசம்பர் வெள்ளத்தில் பரவிய எண்ணெயை நினைத்தால் அந்தத் தண்ணீரில் பிள்ளையை இறக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

சூட்டுக்குப் பணம் போதாவிட்டால் கூச்சப்படாமல் சொல், அனுப்புகிறேன். கழற்றவும் போடவும் உதவிக்கு யார் கூட வருகிறார்கள், சனிக்கிழமை தண்ணீர் எத்தனை டிகிரி, இரண்டையும் வெள்ளிக்கிழமை ராத்திரியே வாட்ஸ்அப்பில் போடு.

உன் நைனா