அந்தக் கறுப்பு வண்டி வேண்டாம், தாயி

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொல்லலாம் என்றால் உன் மலையில் பாதிப் பேச்சிலேயே சிக்னல் போய்விடுகிறது. எழுதிக் கொடுத்தால் வண்டி பார்க்கப் போகும்போது கையிலும் வைத்துக்கொள்வாய்.

ஏலத்தோட்டத்துக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் பிக்கப் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. கேரளத்து இடுக்கியில், பூப்பாறையிலிருந்து உங்கள் தோட்டத்துக்கு இறங்கும் மண் பாதையில், ஆடி மழையில், வாடகை ஜீப்பை நம்பி உர மூட்டை ஏற்றுகிற கதை எத்தனை நாளைக்கு? இசுசு வி-கிராஸ் என்று நீ முடிவு செய்ததும் சரிதான். ஆனால் கோயம்புத்தூரில் நீ பார்த்து வைத்திருக்கும் இரண்டில் எனக்குப் பிடித்தது, உனக்குப் பிடிக்காத அந்த வெள்ளை வண்டி.

கறுப்பு வண்டி பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. தண்ணீரில் இறக்கினாலும் இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் ஸ்நார்க்கல் குழாய், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், பெரிய டயர், மேலே வரிசையாக லைட்டு. இதையெல்லாம் மாட்டியவன் சும்மா நிறுத்தி வைக்கவா மாட்டியிருப்பான்? ஆற்றில் இறக்கியிருப்பான், பாறையில் ஏற்றியிருப்பான். பெரிய டயர் போட்டால் ஆக்ஸிலுக்கும் அதைச் சுழற்றும் கிரவுன் பல்லுக்கும் ஸ்டீயரிங் ஜாயிண்டுகளுக்கும் கூடுதல் பாரம். வண்டியைத் தூக்கி வைத்தால் முன் ஆக்ஸில் சாய்ந்து நின்று சுழலும், அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். இதற்கு மேல் சட்டம் வேறு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கேரளத்தில் மோட்டார் வாகன அதிகாரிகள் இதில் கறார். அவன் மாட்டியதற்கு நீ அபராதம் கட்டுவாய்.

வெள்ளை வண்டியின் பின் தொட்டி முழுக்கக் கீறல் என்று முகம் சுளித்தாயாம், மாப்பிள்ளை சொன்னார். தொட்டி கீறியிருந்தால் வண்டி வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். அது குறையே இல்லை. அளவுக்கு மீறிச் சுமந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைத் தொட்டிக்கு உள்ளே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

முதலில் பக்கவாட்டில் நில். பிக்கப்பில் கேபின் தனி, தொட்டி தனி, இரண்டும் ஒரே சேஸின் மேல், அதாவது அடிச்சட்டத்தின் மேல், உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். அது மேலேயும் கீழேயும் ஒரே அளவாக இருக்க வேண்டும். வலது பக்கம் பார், இடது பக்கமும் பார். மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தாலோ, இல்லை இதற்கு மாறாக இருந்தாலோ, சேஸ் வளைந்திருக்கலாம். பாரம் ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் தூக்கி அடித்த வண்டியில் இது வரும். புது பெயிண்ட் அடித்து எதையும் மறைக்கலாம், அந்த இடைவெளியை மட்டும் மறைக்க முடியாது. விரலை விட்டு அளந்து பார்த்தாலே போதும்.

அப்புறம் பின்னால் போய்ப் பத்தடி தள்ளி நின்று பார். ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா? ஸ்பிரிங் பட்டைகள் நேர்கோடாகத் தட்டையாகிவிட்டனவா? வெறும் வண்டியில் பட்டை வில் மாதிரி வளைந்து நிற்க வேண்டும். கூடுதலாகப் பட்டை சேர்த்திருந்தால் ஏன் சேர்த்தார் என்று விற்பவரைக் கேள். பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காதே, பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் சேஸைப் பார். விரிசல் வருவது அங்கேதான். வெல்டிங் தழும்பு இருந்தால் அந்த வண்டியோடு பேச்சு முடிந்தது.

கீழே படுத்துப் பார்க்காமல் பிக்கப் வாங்கவே கூடாது. ஒரு டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொள். சேஸின் அடிப்பக்கம் புதிதாகக் கறுப்பு அடித்துப் பளபளவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பழைய வண்டிக்குக் கொஞ்சம் மண்ணும் மேல் துருவும் இருப்பதுதான் நேர்மை. ஸ்க்ரூடிரைவரால் அங்கங்கே குத்து. டங்கென்று உறுதியாகக் கேட்டால் சரி. உள்ளே இறங்கினாலோ, ஓடு ஓடாகப் பெயர்ந்தாலோ விட்டுவிடு. முன் சக்கரத்துக்கு உள்பக்கம் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சுற்றிலும் தெறித்திருக்கிறதா பார். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருகு, அதன் முனையிலுள்ள குரோஸ் மூட்டு தேய்ந்திருந்தால் கடகடவென்று ஆடும். ஆக்ஸில் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் பல்பெட்டியின் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க விடுவார்களா என்று கேள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

எனக்குப் பிடித்த ஒரு சோதனை இருக்கிறது, காசு ஆகாது. சிமெண்ட் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அதன் மேல் நேராக ஓட்டச் சொல். காய்ந்த தரையில் பின் டயர் தடம், முன் டயர் தடத்தின் மேலேயே விழ வேண்டும். இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ விழுந்தால் பரவாயில்லை. ஒரே பக்கமாக ஒதுங்கி விழுந்தால் வண்டி நண்டு மாதிரி நடக்கிறது, அடிபட்ட சேஸ்.

இன்ஜினைப் பார்க்கப் போகும் முன் விற்பவரிடம் சொல்லி வை: நாங்கள் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று. போனதும் பானட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு ஆறின பிறகு வா. ஆறின வண்டி எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் விஷயம். கறுப்புப் புகை கொஞ்சம் வந்து நின்றால் பயமில்லை. நீலப்புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் வரை யோசிக்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார், புஸ்புஸ் என்று பலமாகக் காற்றுத் தள்ளினால் பேக் கம்ப்ரஷன், அந்த இன்ஜின் தேய்ந்துவிட்டது.

ஃபோர் வீல் வேலை செய்கிறது என்று தார் ரோட்டில் காட்டினால் ஒத்துக்கொள்ளாதே. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைத்தால் வண்டி இறுகும், உள்ளே பல்லுக்குத்தான் கேடு. மண் சரிவுக்குக் கூட்டிப் போ. ஃபோர் ஹையில் போட்டு ஏற்றச் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒதுங்கி நின்று முன் சக்கரமும் மண்ணைப் பிடித்து இழுக்கிறதா பார். அப்புறம் வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து, மெதுவாக அதிக இழுவையோடு போகும் ஃபோர் லோவில் போடச் சொல். சில பேர் வாங்கிய நாளிலிருந்து அந்த ஃபோர் வீல் நாபைத் தொட்டே இருக்க மாட்டார்கள், அது அப்படியே இறுகிக் கிடக்கும். விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தால் கியர் விழவில்லை என்று பொருள்.

கொஞ்சம் காசு போட்டு புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டியே வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் இருக்கிறது. அந்தக் கரி எரிய வேண்டுமானால் வண்டி அவ்வப்போது நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். உனக்கோ தோட்டத்துக்குள் முதல் கியரும் இரண்டாம் கியரும்தான் வேலை. பழைய 2.5 லிட்டர் வண்டியே உன் பாதைக்குத் தோது என்பது என் எண்ணம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பார்க்க சீட் பெல்ட்டை முழுக்க இழு. அடிப்பக்கத்து நாடாவில் மண் கோடு இருந்தால் அதுவே சாட்சி. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. நான்கு டயரும் ஒரே வயதா பார், ஸ்டெப்னியையும் சேர்த்து.

பேப்பரில் மாப்பிள்ளை கெட்டி, அவரே பார்த்துக்கொள்வார். இருந்தாலும் சொல்கிறேன். சேஸில் குத்தியிருக்கும் எண்ணும் ஆர்சி எண்ணும் ஒத்துப்போக வேண்டும். லோன் இருந்தால் பேங்கின் தடையில்லாச் சான்றான என்ஓசியும், லோன் முடிந்ததென்று ஆர்டிஓவுக்குச் சொல்லும் ஃபாரம் 35-உம் கையில் வாங்காமல் மீதிப் பணம் தராதே. வாடகைக்கான மஞ்சள் போர்டா, சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டா என்று கேள். மஞ்சள் என்றால் எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தகுதிச் சான்று, அதாவது எஃப்சி, அதற்கு மேல் வருஷா வருஷம். தமிழ்நாட்டு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இடுக்கியில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். விலை பேசும்போதே அந்தத் தொகையைக் கழித்துப் பேசு. வாங்கின கையோடு இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல் என்று எல்லா ஆயிலும் மாற்ற வேண்டும், அதற்கும் தனியாகப் பணம் எடுத்து வை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் கோயம்புத்தூர் வந்துவிடுகிறேன். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே, புரோக்கர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும். வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்கப் பிட் குழி இருக்கிற ஒர்க்‌ஷாப் ஒன்றை மாப்பிள்ளையை விசாரித்து வைக்கச் சொல். அம்மா உனக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், அதையும் எடுத்து வருகிறேன், காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா
போடிநாயக்கனூர்