தலையோடு கண்ணையும் பார்த்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்து நான் ஐசியுவில் கிடந்தபோது எனக்காக ஓடியாடிய பலரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பொது மடல். குழாய்க்குள் காயில் என்ற மெல்லிய கம்பிச் சுருளை வைத்து அடைத்த டாக்டர்களுக்கும், இரவெல்லாம் கண்விழித்த சிஸ்டர்களுக்கும் முதல் வணக்கம். அவர்கள் புகழை என் கணவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் பாடிக்கொண்டிருக்கிறார். நான் சொல்ல வந்தது கண்ணைப் பற்றி.

நினைவு திரும்பியபோது வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. இடது கண்ணில், யாராவது கையை அசைத்தால் நிழலாடும். "தெரியலை" என்று நான் சொன்னதை மூளைக் குழப்பம் என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, அப்போது நான் கிழமையைக்கூட மாற்றி மாற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிசியோதெரபி கொடுக்க வந்த தம்பிதான் கவனித்தார். டம்ளரை நீட்டினால் என் கை பக்கத்தில் துழாவியதாம். டம்ளரைத் தட்டி ஓசை எழுப்பியதும் சரியாகப் பிடித்துவிட்டேனாம். "கை நல்லாத்தான் இருக்கு, கண் டாக்டரைக் கூப்பிடுங்க" என்று அன்றே சொல்லி, கேஸ் ஷீட்டிலும் எழுத வைத்தார். தம்பி, எனக்குப் பார்வை கிடைத்தது உங்களால்தான்.

கண் டாக்டரம்மா படுக்கைக்கே வந்தார். கண் பாப்பாவை வைத்துத்தான் மூளையின் நிலையைக் கணிப்பார்கள் என்பதால், மூளை டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தே போட்டார். இதற்கு டெர்சன் சிண்ட்ரோம் என்று பெயராம். டெர்சன் என்ற பிரெஞ்சு கண் மருத்துவர் 1900இல் எழுதியது. அதற்கு முன்பே 1881இல் லிட்டன் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிவிட்டார், பாவம், பெயர் மட்டும் டெர்சனுக்குப் போய்விட்டது! மண்டைக்குள் அழுத்தம் திடீரென்று ஏறும்போது கண் நரம்பின் உறை வழியாக அது கண்ணையும் தாக்குகிறது. விழித்திரையின் நுண்ணிய குழாய்கள் உடைந்து, கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லில் ரத்தம் பரவிவிடுகிறது. இதையெல்லாம் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு என் கணவருக்கு விளக்கியிருக்கிறார். அந்தச் சீட்டு இன்னும் எங்களிடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது மூளை ரத்தக்கசிவோடு படுத்திருந்தால், கண்ணையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நினைவில்லாதவர்களால் "தெரியலை" என்று சொல்ல முடியாதே.

இமைமேல் அல்ட்ராசவுண்ட் எடுத்து, விழித்திரை பிரியவில்லை என்று தெரிந்த பிறகு கொஞ்சம் பொறுக்கலாம் என்றார்கள். ரத்தம் கீழே இறங்கட்டும் என்று தலையை உயர்த்தியே படுக்க வைத்தார்கள். இடது கண் மெல்ல மெல்லத் தானாகத் தெளிந்தது. வலது கண் தெளியவே இல்லை. அப்புறம் விட்ரெக்டமி. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத துளைகள் வழியே ரத்தம் கலந்த ஜெல்லை வெட்டி எடுத்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்ததும் அந்தக் கண்ணில் முதலில் தெரிந்தது டாக்டரம்மாவின் கோட் பையில் இருந்த நீல மைக்கறை. சொன்னேன். சத்தமாகச் சிரித்தார்.

காத்திருந்த மாதங்களில் தலை வாரிவிட்டு, போனில் வந்த செய்தி ஒன்றுவிடாமல் வாசித்துக் காட்டிய அண்ணிக்கு என்ன சொல்ல! வேண்டாத சொந்தங்கள் அனுப்பியதையும் வாசித்தார், அதுதான் கொடுமை.

இந்த ஆபரேஷன் செய்த கண்ணில் பின்னால் புரை வருவது சகஜமாம். வந்தால் டாக்டரம்மா, மறுபடி உங்களிடம்தான் வருவேன்.

நன்றியுடன்,
உங்கள் நோயாளி