சாயப்பட்டறையிலும் வணிக ரகசியம் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம். வணிக ரகசியங்களைக் காக்கத் தனிச் சட்டம் தேவை என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். சட்ட ஆணையம் 2024-இல் அளித்த 289-ஆவது அறிக்கையில் வரைவு மசோதாவையே இணைத்திருந்தது. ஆனால் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் மருந்து, மென்பொருள் நிறுவனங்கள்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரிகின்றன. திருப்பூரில் சாயப்பட்டறை நடத்தும் எங்களைப் போன்றோருக்கும் வணிக ரகசியம் பெரிய சொத்து. சாயத்தூள் கடையில் யாருக்கும் கிடைக்கும். எந்தத் தண்ணீருக்கு எவ்வளவு உப்பு, சோடாவை எத்தனை தவணையாக, எந்தச் சூட்டில் விடுவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. காப்புரிமை வாங்கலாம் என்றால் செய்முறையை ஊரறிய வெளியிட வேண்டும். 20 ஆண்டில் அந்த உரிமையும் முடிந்துவிடும்.

எங்கள் பட்டறையை விட்டுப் போன மாஸ்டர் ஒருவர், ஒவ்வொரு நிறத்துக்குமான சாய அளவுகளை எழுதி வைத்திருக்கும் ஷேடு நோட்டை முழுவதும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். நோட்டு எங்கள் அலமாரியிலேயே இருந்ததால் என்னவென்று புகார் கொடுப்பது என்றே புரியவில்லை. சரி, அதற்காக அவருடைய கைத்திறனையும் முதலாளியின் சொத்தாக்கிவிடக் கூடாது. வேலையை விட்டவர் அதே தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, அது நியாயம்தான். நோட்டு வேறு, கை வேறு என்பதைப் புதுச் சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதுவரை மாவட்டத் தொழில் மையங்கள், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவம் ஒன்றைத் தமிழில் தயாரித்துச் சிறு பட்டறைகளுக்கு இலவசமாகத் தரலாம்.

– சாயப்பட்டறை உரிமையாளர் ஒருவர், திருப்பூர்