லித்தியம் பேட்டரி மாட்டியவர்கள் கவனத்துக்கு

பழைய இன்வெர்ட்டரோடு புது லித்தியம் பேட்டரியை மாட்டியிருப்பவர்கள், இன்வெர்ட்டரில் பேட்டரி வகைக்கான சின்ன சுவிட்ச் டியூபுலரில் (பழைய ஈய-அமில பேட்டரிக்கான நிலை) நிற்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். என் வீட்டில் அப்படித்தான் இருந்தது, பேட்டரி நிறையப்போகும் நேரத்தில் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று) சார்ஜைப் பட்டென்று துண்டித்துவிடும், காரணம் தெரியாமல் ஒரு வாரம் திண்டாடினேன். 12.8 வோல்ட் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்போது 14.6 வோல்ட்தான் உச்சம், 14.2 இருந்தாலே போதும். ஈக்வலைசேஷன், அதாவது ஈய-அமில பேட்டரிக்கு அவ்வப்போது கூடுதல் வோல்ட்டில் ஏற்றும் சார்ஜ், இதற்குக் கூடவே கூடாது. 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) கொள்ளளவு பேட்டரிக்கு 20 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றுவது நிதானமான அளவு.

அப்புறம் ஊட்டிப் பக்கம் இருப்பவர்களே, உறைபனி விழும் காலையில் அவசரப்பட வேண்டாம். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், அந்தச் சேதத்தைச் சரிசெய்யவே முடியாது. மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிப் போகிறவர்கள் பாதி சார்ஜில் விட்டு, இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.