உப்புவெளி, நிலாவெளி கெஸ்ட் ஹவுஸ்காரருக்கு ஒரு சம்பல்காரியின் மடல்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் திருகோணமலையில் வீட்டிலேயே கறித்தூள், மோர் மிளகாய், வேப்பம்பூ வடகம், மாசிச் சம்பல் எல்லாம் செய்து விற்கிறவள். உங்களில் சிலருடைய வாசலுக்கும் வந்திருக்கிறேன். சிலர் கதிரை தந்தீர்கள், சிலர் கேற்றடியிலேயே அனுப்பிவிட்டீர்கள். பரவாயில்லை, சீசனில் உங்களுக்கும் மூச்சு விட நேரமிருக்காது.

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பேஸ்புக்கில் காசு கட்டி 'பூஸ்ட்' போட்டால் பிய்த்துக்கொண்டு போகும் என்று ஒரு தம்பி சொல்ல, 5,000 ரூபா கட்டினேன். எந்த ஊருக்குக் காட்ட வேண்டும் என்று அது கேட்ட இடத்தில் இலங்கை முழுவதையும் அப்படியே விட்டுவிட்டேன். மாத்தறையிலிருந்தெல்லாம் லைக் வந்தது. வாங்க வந்தது ஒரே ஒரு ஆள், அதுவும் என் சித்தியின் மகள். நம் ஊரைச் சுற்றிச் சில கிலோமீற்றருக்கு மட்டும் விளம்பரத்தைக் காட்டலாம் என்பதும், கூகுள் மப்பில் ஒரு சதமும் கட்டாமல் கடையைப் பதியலாம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. பதிந்தேன். என் கடை கடலுக்குள் நின்றது! அதை இழுத்துக் கரையேற்றினேன்.

சரி, அதெல்லாம் செய்த பிறகும் ஒன்று விளங்கியது. இங்கே வருகிறவர்கள் கறித்தூளைத் தேடி வருவதில்லை. அவர்கள் தேடுவது புறாத்தீவுக்குப் படகு, திமிங்கிலம், கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஆனால் காலையில் அவர்கள் சாப்பிட உட்காருவது உங்கள் மேசையில். அந்த மேசையில் எங்கோ ஆலையில் அடைத்த ஜாம் பைக்கற்றுத்தான் இருக்கிறது.

ஒரு விடுதிக்கு ஆறு போத்தல் சாம்பிள் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்துப் போனால், குசினித் தட்டில் தூசி பிடித்துக் கிடக்கிறது. விற்றால் 30 வீதம் தர வேண்டும் என்றார்கள். மிளகாய் விலையும் மாசி விலையும் போத்தல் விலையும் போக என் கையில் மிஞ்சுவதே அவ்வளவுதான், அதையும் உங்களிடம் தந்துவிட்டு நான் எதற்கு அடுப்படியில் வேக வேண்டும்?

இன்னொரு அக்கா கொமிஷன் பேச்சே எடுக்கவில்லை. இடியப்பத்தோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் என் சம்பலை வைத்து, பக்கத்தில் என் கடைப் பெயரை ஒரு துண்டில் எழுதி வைத்தார், அவ்வளவுதான். இது எங்கே வாங்கலாம் என்று சாப்பிட்டவர்களே கேட்டிருக்கிறார்கள். அந்த ஒரு கிழமையில் விற்றது, பூஸ்ட் போட்ட மாதத்தில் விற்றதை விடக் கூட.

அவர்கள் கேட்ட கேள்விகளால் நானும் மாறினேன். மீன் சாப்பிடாதவர்களுக்கு மாசி போடாத சம்பல் தனியாகச் செய்கிறேன். பல விமான நிலையங்களில் சம்பல் மாதிரி ஈரச் சாமானை 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலில் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை சொன்ன பிறகு, கறித்தூளைச் சின்னப் பைக்கற்றாக்கினேன். லேபிளில் என்னென்ன சேர்த்தது, எப்போது செய்தது என்று மூன்று மொழியிலும் எழுதுகிறேன். முன்பு தமிழில் மட்டும் எழுதிவிட்டு, ஏன் எடுக்கிறார்கள் இல்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

2019இல் ஈஸ்டர் குண்டு, 2020இல் கொரோனா, 2022இல் பெற்றோல் வரிசை. அந்த வருடங்களில் உங்கள் அறைகள் வெறுமையாகக் கிடந்தபோது என் அடுப்பும் அணைந்துதான் கிடந்தது. மே முதல் செப்டெம்பர் வரை உழைப்பதை வைத்து மாரி மழையைத் தாண்டுகிற பிழைப்புத்தானே நம் இரண்டு பேருக்கும்.

அதனால் கேட்பது இவ்வளவுதான். காலைச் சாப்பாட்டில் ஒரு கிண்ணம், அதன் பக்கத்தில் ஒரு பெயர்த் துண்டு. என்னுடையதுதான் வேண்டும் என்றில்லை, கிண்ணியாத் தயிரும் வைக்கலாம், உங்கள் ஒழுங்கையில் யாராவது பனங்கட்டி விற்றால் அதையும் வைக்கலாம். முதல் மாதச் சம்பல் என் செலவு. வெறும் போத்தல்களை மட்டும் எறிந்துவிடாதீர்கள், சனிக்கிழமைகளில் வந்து நானே எடுத்துக்கொள்கிறேன்.